முன்பாதி கம்பெனி, பின்பாதி கைலாசம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில், சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், குழந்தைவேலுவின் மீசையைத் தெரியாத ஆளே கிடையாது. மூக்குக்குக் கீழே கிளம்பி, கன்னத்தில் ஏறி, காதுக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது மனசு மாறி மேலே சுருண்டுகொண்ட மீசை அது. அவரிடம் ஒரு பஸ் இருந்தது. பச்சை நிறம். அவரே முதலாளி, அவரே டிரைவர். பஸ்ஸின் பக்கவாட்டில் முருகன் பேரில் ஏதோ ஒரு மோட்டார் சர்வீஸ் என்று முழ நீள எழுத்தில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. “மீசைக்காரர் வண்டி வந்துருச்சுங்களா?” என்று கேட்பார்கள். வந்திருந்தால் ஏறுவார்கள். வராவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

வண்டிக்குப் பேரே மீசைதான் என்றால், அந்த மீசையைக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் வைக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? குழந்தைவேலு வைத்தார். அதுவும் மூன்றாவது தம்ளர் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது.

எதிராளி அயலார் இல்லை. அவர் மனைவி ஆராயியின் கூடப்பிறந்த அண்ணன் அருணகிரி. அவருக்கும் ஒரு பஸ், சிவப்பு. அவரும் தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவர். இரண்டு வண்டிகளும் காலையில் சூரமங்கலம் ரயில் ஸ்டேஷன் வாசலில், மெயிலில் வந்து இறங்குகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் கிளம்பும். முன்னால் போகிற வண்டிக்கே வழிநெடுக நிற்கிற ஜனம். தினமும் மல்லூர் மேட்டில் பச்சை வண்டி இருமத் தொடங்கும். சிவப்பு வண்டி பக்கத்தில் வரும், தாண்டும். தாண்டும்போது அருணகிரி ஜன்னலுக்கு வெளியே துண்டை ஆட்டி, “பொறுமையா வாங்க மாப்பிள்ளை, ஒண்ணும் அவசரமில்லீங்க!” என்பார். கொங்குச் சீமையில் ஒருவனை மரியாதையாகவே கொன்றுபோடலாம். அந்த ‘ங்க’ ஒன்று போதும்.

இப்படி ஒரு வருஷம் சகித்த குழந்தைவேலு, ராசிபுரத்தில் ஒரு காதுகுத்து விருந்தில், பந்தி நடுவில் எழுந்து நின்றுவிட்டார்.

“மச்சான், நல்லாக் கேட்டுக்கங்க. வர்ற மாரியம்மன் பண்டிகை அன்னிக்கு மல்லூர் மேட்டுல உங்களைத் தாண்டறேன். உங்களுக்கு முன்னால ராசிபுரம் ஸ்டாண்டுல என்ற வண்டி நிக்கும். நிக்கலைன்னா இந்த மீசையை மழிச்சுப்போட்டு உங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறேன்!”

பந்தியில் இருநூறு பேர். இருநூறு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

“செரிங்க மாப்பிள்ளை” என்றார் அருணகிரி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “நான் தோத்தா என்ற மீசையை மழிச்சுக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் ஆராயி கேட்டாள்: “ஏனுங்க, எங்கண்ணன் மீசை போனா மூணு வாரத்துல மொளைச்சுரும். உங்களுது மொளைக்க மூணு வருசமாகும். இதை ரோசனை பண்ணுனீங்களா?”

ரோசனையெல்லாம் பாயசத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. குழந்தைவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சேலத்துக்குக் கிளம்பினார், கரீம் பாஷாவைப் பார்க்க.

கரீம் பாஷா கோட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்தார். எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே உள்ளே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். அவரிடம் இருந்த ஒரே குறை, முதலாளிகள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதது. முதலில் மாட்டேன் என்பார். அப்புறம் செய்துவிடுவார்.

“மொதலாளி, இந்த எஞ்சினு அம்பது குதிரை இழுக்கிற எஞ்சினு. இதை எழுபது ஆக்குங்கன்னா எப்படி?”

“பாய், நீங்க மனசு வெச்சா ஆகாதுங்களா?”

ஆயிற்று. கரீம் பாஷா சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினார், பெரிய பிஸ்டன் போட்டார், மேல்மூடியைச் சீவினார். பச்சை வண்டி கிளப்பியதுமே உறுமிற்று. முதல் நாள் மல்லூர் மேட்டில் சிவப்பு வண்டி பக்கத்திலேயே வந்தும் தாண்ட முடியவில்லை. இரண்டாம் நாள் துண்டு ஆடவே இல்லை. மூன்றாம் நாள் சீலநாயக்கன்பட்டி தாண்டியதும் எஞ்சினுக்குள் ‘டமார்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. முப்பது ஜனமும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தாண்டிப் போன சிவப்பு வண்டியில் துண்டு மறுபடி ஆடியது.

உடைந்தது கிராங்கு. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழுமாகக் குதிக்கும். அந்தக் குதிப்பைச் சுற்றலாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிற, கோணல்மாணலாக வளைந்த இரும்புத் தண்டுக்குக் கிராங்கு ஷாப்டு என்று பேர். அது இரண்டாகப் போய்விட்டால் எஞ்சின் வெறும் இரும்புப் பெட்டி.

“குதிரையைக் கூட்டிட்டோம், கிராங்கு பழைய குதிரைக்குப் போட்டது” என்றார் கரீம் பாஷா. “நான் அப்பவே சொன்னேன்.”

“இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லுங்க பாய்.”

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கம்பெனி கிராங்கு. இந்த எஞ்சினைச் செஞ்சவனே செஞ்சது. லேசா இருக்கும், எடை அங்குலத்துக்கு அங்குலம் சமமா இருக்கும், மிதிச்சதும் சுறுசுறுன்னு சுத்தும். ஆனா அவன் அம்பது குதிரைக்குத்தான் கணக்குப் பண்ணியிருக்கான். இன்னொண்ணு, சூரமங்கலத்துல கைலாசம் ஆசாரி கடைஞ்சு குடுக்கிற கிராங்கு. தடி இரும்பு. எழுபது குதிரை என்ன, நூறு வந்தாலும் உடையாது. ஆனா கனம். மிதிச்சா, சுத்தலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிக்கும்.”

“எனக்கு மேட்டுல சுறுசுறுன்னு ஏறவும் வேணும், உடையவும் கூடாதுங்களே.”

“பெரிய பிஸ்டனைக் கழட்டிட்டுப் பழசையே போட்டா, கம்பெனி கிராங்கு பத்து வருஷம் ஓடும் மொதலாளி.”

இதைக் குழந்தைவேலு காதிலேயே வாங்கவில்லை. மீசை பந்தயத்தில் இருக்கிறவனுக்குப் பத்து வருஷம் எதற்கு? பண்டிகைக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வரவழைத்தார்.

கம்பெனி கிராங்கு மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே, எண்ணெய்க் காகிதம் சுற்றி, புதுப் பெண் மாதிரி வந்து இறங்கியது. கைலாசம் ஆசாரியின் கிராங்கை அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மாட்டு வண்டியிலிருந்து இறக்கினார்கள். பழைய ரயில் பெட்டியின் அச்சு ஒன்றை ஏலத்தில் எடுத்து அதிலிருந்து கடைந்தது.

“மெயில் வண்டியைச் சொமந்த இரும்பு சாமி இது” என்றார் கைலாசம் ஆசாரி, மூச்சு வாங்கிக்கொண்டே. “உங்க பஸ்ஸு இதுக்குத் தூசு. அந்தப் பொட்டியில வந்தது கிராங்கா? காதுல போடற நகையாட்டம் இருக்குது.”

இரண்டையும் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார் குழந்தைவேலு. ராசிபுரத்து ஜனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. பார்க்க வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எஞ்சினையே கண்ணால் பார்க்காதவர்களுக்கு இரண்டு இருந்தது. குழந்தைவேலு காலையில் கம்பெனி கிராங்கே கதி என்று எழுந்திருப்பார், பல் விளக்கி முடிப்பதற்குள் கைலாசத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார். சோற்றில் கை வைத்தால் மறுபடி கம்பெனி. ஐந்து நாள் இப்படியே போனது. ஆராயியிடமும் கேட்டுப் பார்த்தார்.

“எதைப் போட்டாலும் உள்ள வெச்சு மூடத்தானே போறீங்க?” என்றாள் அவள். “கண்ணுக்குத் தெரியாததுக்கு இத்தனை பாடா? மொதல்ல ஆசாரத்தைக் காலி பண்ணுங்க. ரெண்டு தடவை கால்ல இடிச்சுக்கிட்டேன்.”

மனுஷர்கள் கைவிட்ட பிறகு சாமிதானே. குழந்தைவேலு முனியப்பனிடம் போனார்.

கிடாய் வெட்டுகிற கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், துளுக்கிவிட்டது என்பார்கள். சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் எத்தனை நேரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான். இது நேர்ந்துவிட்ட கிடாய்க்கு ஏற்பட்ட வழக்கம். இதைக் கிராங்கு ஷாப்டுக்குப் பயன்படுத்தலாம் என்று உலகத்தில் முதன்முதலாக எண்ணியவர் குழந்தைவேலுதான். அநேகமாகக் கடைசியாக எண்ணியவரும் அவர்தான்.

மேச்சேரிச் சந்தையில் பிடித்த செம்மறிக் கிடாய் ஒன்று தயாராக இருந்தது. முனியப்பன் கோயில் முன்னால் வலது கைப் பக்கம் கம்பெனி கிராங்கு, இடது கைப் பக்கம் கைலாசத்தின் கிராங்கு. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு மாலை.

“இந்தச் சாமிகிட்டக் கல்யாணம் கேட்டிருக்காங்க, கெணத்துக்குத் தண்ணி கேட்டிருக்காங்க, காணாமப் போன எருமையைக் கேட்டிருக்காங்க” என்றார் பூசாரி வீரன். “இரும்பு கேட்டு நான் பாத்ததில்லைங்க. சாமிக்குப் புரியோணுமே.”

“புரியும். நீங்க தண்ணியை ஊத்துங்க.”

கிடாயைக் கம்பெனி கிராங்கின் முன்னால் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் எண்ணெய்க் காகிதத்தை மோந்து பார்த்து, ஒரு மூலையைத் தின்றது. துளுக்கவில்லை. கைலாசத்தின் கிராங்கு முன்னால் நிறுத்தினார்கள். அது மாலையைத் தின்றது. துளுக்கவில்லை. மறுபடி அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். நாலு குடம் தண்ணீர் ஆயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. கரீம் பாஷா எட்டத்தில் புளியமரத்தடியில் நின்று, தொழிலுக்கு வந்த இடத்தில் இதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது குடம் ஊற்றியபோது கிடாயை ஒரு கிராங்கிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நாமக்கல்லிலிருந்து திரும்பி வந்த சிவப்பு வண்டி சாலையில் போயிற்று. கூட்டத்தைக் கண்ட அருணகிரி ரப்பர் ஹாரனை நாலு அமுக்கு அமுக்கினார். கிடாய் திடுக்கிட்டது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, சுற்றி நின்ற அத்தனை பேர் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறிக்க உதறியது.

“துளுக்கிருச்சு!” என்று கூட்டம் கத்தியது.

எந்தப் பக்கம் துளுக்கியது? எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கிடாயின் முன்னங்கால் இரண்டும் கம்பெனி கிராங்கின் பக்கம் இருந்தன. பின்னங்கால் இரண்டும் கைலாசத்தின் பக்கம் இருந்தன.

குழந்தைவேலு வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. அதைக் கண்டதுமே கரீம் பாஷா புளியமரத்தடியிலிருந்து ஓடி வந்தார்.

“பாய்! முன்பாதி கம்பெனி, பின்பாதி கைலாசம்! சாமி எத்தனை தெளிவாச் சொல்லிருச்சு பாத்தீங்களா!”

“மொதலாளி, ஆடு ஹாரனுக்குப் பயந்துச்சு.”

“ஹாரனை அடிக்க வெச்சது யாரு?”

“ரெண்டு கிராங்கையும் பாதி பாதியா அறுத்து ஒண்ணாச் சேக்கிறதா? சேத்த இடத்துல உட்டுப்போயிடும். இரும்புக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“திருச்செங்கோட்டு மலை மேல சாமி எப்புடி நிக்குதுங்க பாய்? பாதி அய்யன், பாதி ஆத்தா. என்னிக்காச்சும் சேத்த இடத்துல உட்டுப்போச்சுங்களா?”

அடுத்தவர் சாமி விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது கரீம் பாஷாவின் அத்தா சொல்லிக் கொடுத்த பாடம். அவர் வாயை மூடிக்கொண்டார். குழந்தைவேலு அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். துளுக்கின கிடாயை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று பூசாரி வீரன் அரிவாளோடு வந்தார். “அது இரும்பைப் பத்தித்தான் சொல்லுச்சு, தன்ற கழுத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க” என்று குழந்தைவேலு கிடாயை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதில் அதிசயம் என்னவென்றால், கைலாசம் ஆசாரி உடனே ஒப்புக்கொண்டதுதான். “பின்பாதி எம்பாதி. சக்கரத்துக்குப் போற பாரம் பூரா பின்பாதியிலதான். அப்ப வேலை செய்யறது நானு, முன்னால மினுக்கறது கம்பெனி. எனக்குச் சம்மதம்” என்றார். இரண்டையும் நடுவில் அறுத்தார்கள். கம்பெனிப் பாதியின் முனையில் ஒரு முளை. கைலாசத்தின் பாதியில் அதைவிட ஒரு மயிரிழை சிறிய துளை. கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுகிற மாதிரிதான்: துளையுள்ள பாதியை நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சினால் துளை விரியும், முளையை இறக்கிவிட்டால் ஆறும்போது இறுகிக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் குறுக்கே ஓர் ஆணி அறைந்தார்கள். கரீம் பாஷா கண்ணை மூடிக்கொண்டு அதை எஞ்சினில் பூட்டினார்.

“மொதலாளி, கடைசியா ஒண்ணு சொல்றேன். அந்த ஆணி மல்லூர் மேடு வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் எங்க அல்லாவும் உங்க முனியப்பனும் பேசி முடிவு பண்ணணும்.”

பண்டிகை நாள் காலை. சூரமங்கலம் ஸ்டேஷன் வாசலில் நிற்க இடமில்லை. மெயில் வந்தது, ஜனம் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏறியது. பச்சை வண்டியில் முன் சீட்டில் நெய்க்காரி பொன்னாயி. ராசிபுரத்து நெய்யைச் சேலத்தில் விற்றுவிட்டு வெறும் குடத்தோடு திரும்புகிறவள், மீசைக்காரர் வண்டியைத் தவிர வேறெதிலும் கால் வைக்காதவள். கரீம் பாஷா திருகுசாவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, எஞ்சின் பாடிற்று. சீலநாயக்கன்பட்டி வரைக்கும் இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகப் போயின. வழியில் நின்றவர்களை இரண்டு பேருமே ஏற்றவில்லை. நின்றவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை, கைதட்டினார்கள். மல்லூர் மேடு வந்தது. சிவப்பு வண்டி முன்னால், பச்சை வண்டி பின்னால்.

“மிதி சாமி!” என்று பொன்னாயி கூவினாள்.

குழந்தைவேலு மிதித்தார். எழுபது குதிரையும் எழுந்து நின்றன. மேட்டின் பாதியில் பச்சை வண்டி சிவப்பு வண்டியின் பக்கத்துக்கு வந்தது. ஜன்னலும் ஜன்னலும் நேராக வந்தபோது குழந்தைவேலு தன் வாழ்நாளில் அதுவரை அனுபவிக்காத இன்பத்தோடு தலையை வெளியே நீட்டினார்.

“பொறுமையா வாங்க மச்சான், ஒண்ணும் அவசரமில்லீங்க!”

மேட்டின் உச்சியை முதலில் தொட்டது பச்சை வண்டிதான். அந்தச் சந்தோஷம் ஒரு மைல் நீடித்தது. அதற்கப்புறம் சாலை இரண்டு பக்கமும் வயலுக்கு நடுவே குறுகி, ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வரும். ஐப்பசி மழையில் வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். அங்கே போய் ஆணி முறிந்தது. எஞ்சினின் முன்பாதி ஒரு கணக்கில் சுற்றியது, பின்பாதி வேறொரு கணக்கில் சுற்றியது, நடுவே ஏதேதோ முட்டிக்கொண்டன. கொல்லன் பட்டறையை மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு வண்டி நின்றது.

கரீம் பாஷா இறங்கிப்போய் மூடியைத் திறந்து பார்த்தார். மூடியை மூடினார்.

“என்னங்க பாய்?”

“ரெண்டு பாதியும் நல்லாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா இப்ப அதுங்க தனித்தனி.”

பின்னால் சிவப்பு வண்டி வந்து நின்றது. தாண்ட வழியில்லை. ஜனங்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். கைலாசத்தின் கனம் அசையவில்லை. பண்டிகைக்குப் போக வேண்டிய கூட்டம் இரண்டு வண்டியிலும் முணுமுணுக்கத் தொடங்கியது. அருணகிரி இறங்கி வந்தார். பச்சை வண்டியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ரெண்டு சாக்குல வைக்கோலை அமுக்கி எடுத்துட்டு வாங்க” என்றார்.

சாக்கை இரண்டு வண்டிக்கும் நடுவே கட்டி, சிவப்பு வண்டியின் மூக்கைப் பச்சை வண்டியின் முதுகில் வைத்து, முதல் கியரில் முட்டித் தள்ளத் தொடங்கினார். குழந்தைவேலு வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடாத வண்டியை ஓட்டுவது மாதிரி ஒரு கேவலம் கிடையாது. குறுகின சாலை முடிந்து அகலம் வந்ததும் மச்சான் ஒதுங்கித் தாண்டிப் போய்விடுவார். துண்டை ஆட்டுவார். மீசை போய்விடும். அவர் ஒரு கையால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போகிற உயிருக்குப் பால் ஊற்றுகிற மாதிரி இருந்தது அந்தத் தடவல்.

சாலை அகலமாயிற்று.

குழந்தைவேலு ஓரமாக ஒடித்து வழி விட்டார். தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். சிவப்பு வண்டியும் ஓரமாகவே வந்தது. சாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று வண்டி சேர்ந்து போகிற அகலத்திலும் அது தாண்டவில்லை. ஆண்டகளூர் வந்தது, தாண்டவில்லை. ராசிபுரத்து முதல் தெரு வந்தது. மேளம், தீச்சட்டி, ஜனம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பச்சை வண்டி சத்தமே இல்லாமல், சாமி தேர் மாதிரி நகர்ந்து போய் ஸ்டாண்டில் நின்றது. அதை ஒட்டிக்கொண்டு, நாலு முழம் பின்னால், சிவப்பு வண்டி நின்றது.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பொன்னாயி எழுந்து வெறுங்குடத்தில் தாளம் போட்டாள்.

“முன்னால வந்தது மீசைக்காரர் வண்டிதான்! செயிச்சாச்சு!”

பந்தயம் பந்தயம்தான். மேட்டில் தாண்டியதும் உண்மை, முன்னால் வந்து நின்றதும் உண்மை. குழந்தைவேலுவை இறக்கித் தோளில் தூக்கினார்கள், மாலை போட்டார்கள். ஸ்டாண்டுக்கு வந்திருந்த கைலாசம் ஆசாரி, என் பாதி உடையவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கம்பெனி கிராங்கு விற்ற ஆளும் அதையே சொன்னார். குழந்தைவேலு தோள் மேலிருந்து தேடினார், மச்சானைக் காணோம்.

மச்சான் ஸ்டாண்டு ஓரத்துச் சவரக் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு மாலையும் கழுத்துமாக ஓடி வந்து சேர்வதற்குள் வலது பக்க மீசை போய்விட்டிருந்தது.

“ஏனுங்க மச்சான்! வழி இருந்துச்சே! தாண்டிப் போயிருக்கலாமுங்களே!”

அருணகிரி பாதி மீசையோடு அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி ஒரு துளிகூட இல்லை.

“தங்கச்சி புருசனை நடுரோட்டுல உட்டுப்போட்டு வந்து, இந்த மசுரை வெச்சுக்கிட்டு நான் என்னங்க மாப்பிள்ளை பண்றது?” என்றார். “நீங்க நகருங்க, அவரு மிச்சத்தையும் எடுக்கட்டும்.”

குழந்தைவேலுவுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. இத்தனை நாள் தான் துரத்தியது எதை என்று நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. மாலையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவருக்கு முடிச்சுட்டு எனக்கும் எடுங்க. பூராவும்.”

சவரக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “என்ற கையால மாட்டேனுங்க” என்றார். மூன்று முறை சொன்ன பிறகுதான் கை வைத்தார்.

இரண்டு பேரும் வீட்டுக்குப் போனபோது ஆராயி கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நின்று சிரித்துப் பார்த்தாள், தாங்கவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் அவள் போட்ட சோறு மூன்று பேருக்குக் காணும்.

மறுநாள் கரீம் பாஷா பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இப்ப சொல்லுங்க மொதலாளி. வண்டி உங்களுக்கு என்ன செய்யணும்?”

“காலையில போவோணும், சாயங்காலம் ஊடு வந்து சேரோணும். அவ்வளவுதானுங்க பாய்.”

“அப்ப பழைய பிஸ்டன், புதுசா ஒரு கம்பெனி கிராங்கு. கிடாய் வேண்டாம்.”

பதினோரு நாளில் வண்டி தயாராயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை குழந்தைவேலு சூரமங்கலம் ஸ்டேஷன் வாசலில் பச்சை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். மூக்குக்குக் கீழே எள் தெளித்த மாதிரி ஏதோ கொஞ்சம் இருந்தது. மெயில் வந்தது, ஜனம் இறங்கியது. அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. வண்டியின் நிறத்தையும் அதன் மேலிருந்த எழுத்தையும் அவர்கள் எந்தக் காலத்தில் பார்த்தார்கள்? அன்று ஸ்டாண்டில் தோளில் தூக்கிக் கொண்டாடியவர்கள் ராசிபுரத்தில் இருந்தார்கள். இங்கே நின்றவர்கள் மீசையைத் தேடினார்கள்.

பொன்னாயியும் வந்தாள். பண்டிகையன்று அவள் கூட்டத்தோடு கோயிலுக்குப் போய்விட்டாள். சவரக் கடை விஷயம் தெரியாது.

“ராசிபுரம், நாமக்கல்! ஏறுங்க ஆத்தா” என்றார் குழந்தைவேலு.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் மீசைக்காரர் வண்டிக்கு நிக்கறேன் சாமி. நீ போ” என்று குடத்தைக் கீழே வைத்தாள்.

நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தார். வெறும் உதட்டை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

சிவப்பு வண்டியில் அருணகிரி கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் வண்டி முக்கால் நிரம்பியிருந்தது. மரத்தடியில் இருக்கிற ஜனமும் இன்னும் கொஞ்ச நேரத்தில் பொறுமை இழந்து அவரிடம்தான் வரும். அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்தார். பொன்னாயியின் குடத்தை எடுத்துப் பச்சை வண்டியின் முன் சீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

“இவருதான் மீசைக்காரருங்க ஆத்தா” என்று மரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். “எல்லாரும் ஏறுங்க, நேரமாச்சு.”

பொன்னாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த மொட்டை உதட்டையும் இந்த மொட்டை உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதைச் சொல்றதுக்கு நீ யாரு சாமி?”

“நான் அவரு மச்சானுங்க” என்றார் அருணகிரி.